பாய்லர் நைனாவின் மேல்காற்று

நெருப்பைக் கண்டுபிடித்த ஆதிமனிதன் யாராக இருந்தாலும் சரி, அவன் மட்டும் பாய்லர் நைனா வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தால், ஒரே வாரத்தில் கண்டுபிடிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு பச்சைக் காய்கறி தின்னப் போயிருப்பான். நான் அங்கே மூன்று வருஷம் இருந்தேன். எனக்குப் போக்கிடம் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அப்போது எனக்கு வேலை. செல்போன் வாங்கியவர்கள் அதைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிந்த காலம். கல்யாணமாகாதவனுக்கு யாரும் வீடு தர மாட்டார்கள். ஆயிரம் கேள்வி கேட்பார்கள். நைனா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கிரசின் ஸ்டவ் வச்சிக்கினு கீறியா?”

“இல்லீங்க.”

“அப்ப பெட்டிய எடுத்துக்கினு வா.”

என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்காமல் வீடு தருகிற மனிதரைப் பார்த்த சந்தோஷத்தில் சரி என்று தலையாட்டிவிட்டேன். என்ன ஆபத்தில் மாட்டிக்கொண்டேன் என்பது மறுநாள் காலை வெந்நீர் கேட்டபோதுதான் தெரிந்தது.

நைனா ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்க பாய்லர் பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் மகள் விமலாவும்தான். ரிட்டையர் ஆன கையோடு, பழைய இரும்புக் கடைகளில் தகடு பொறுக்கி, உள்ளே சூடு தாங்கும் செங்கல் வைத்து, கொல்லையில் இரண்டு பக்கம் திறந்த கொட்டகையின் கீழ் ஓர் அடுப்பைக் கட்டினார். மேலே இரண்டு பாத்திரம் வைக்கலாம். நடுவில் கம்பித் தட்டு. அதற்கு மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு. பின்னால் புகைபோக்கி, அதன் கழுத்தில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடு. விறகு, கொட்டாங்கச்சி, கடலைத்தோலை அழுத்திச் செய்த கட்டி, நிலக்கரி என்று எதைப் போட்டாலும் எரியும். “மல்டி ப்யூயல்” என்பார் நைனா, பிள்ளைக்கு வைத்த பெயரைச் சொல்வது போல. தெருவில் எல்லோரும் அதையும் பாய்லர் என்றே கூப்பிட்டார்கள்.

எதைப் போட்டாலும் எரியும் என்றேனே தவிர, யார் போட்டாலும் எரியும் என்று சொல்லவில்லை. விறகாக இருந்தால் கம்பித் தட்டின் மேல் இரண்டு விரல் உயரத்துக்குச் சாம்பல் மெத்தை இருக்க வேண்டும், கீழ்க்கதவை மூடி மேல்கதவு வழியாகத்தான் காற்று விட வேண்டும். கரியாக இருந்தால் நேர் எதிர். சாம்பலை ஒட்டச் சலித்து எடுத்துவிட்டு, கீழ்க்கதவைத் திறந்து அடியிலிருந்து காற்று தர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் நைனா நம்மைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவார். தகட்டை முழுக்க மூடவே கூடாது. சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும். எனக்கு முன்னால் குடியிருந்தவர் ‘ஆறிப்போச்சு’ என்று சாம்பலைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, வாளி இருந்த இடத்தில் கைப்பிடிக் கம்பி மட்டும் மிஞ்சியது. அவரை மறுநாளே காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

விறகை அடுப்பில் வைப்பதற்கு முன் இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிக் காதில் கேட்பார். ‘டங்’ என்றால் பாஸ். ‘தொப்’ என்றால் வெயிலுக்குப் போக வேண்டும். காலையில் எட்டு மணிக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவன் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, இந்தக் கட்டைக் கச்சேரி முடிகிறவரை துண்டோடு நிற்பான். நடுவில் திடீரென்று தெருவுக்கு ஓடுவார். தன் வீட்டுப் புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார். “பொகை தெரிஞ்சா துட்டு பறக்குதுன்னு அர்த்தம், கணக்கு!” என்று கத்துவார். கணக்கு என்பது நான். கணக்குப் பிரிவில் வேலை என்று சொன்ன நாளிலிருந்து என் பெயரே அவருக்கு மறந்துபோய்விட்டது.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ‘சார்ஜ்’.

பாய்லர் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டாம். அடுத்த ஷிப்ட்டுக்காரன் வந்து, நிலவரத்தையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘சார்ஜ் எடுத்துக்கினேன்’ என்று வாயால் சொல்கிறவரை முதல் ஷிப்ட்டுக்காரன் நகரக்கூடாது. தொழிற்சாலையில் அது நல்ல கட்டுப்பாடுதான். நைனா அதை அப்படியே கொல்லைக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் அடுப்பை விட்டு எழுந்திருக்க வேண்டுமென்றால் யாராவது வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லி சார்ஜ் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாடு, தூக்கம் எதுவும் கிடையாது.

ஒருநாள் விமலா வேலைக்குப் போய்விட்டாள், நானும் இல்லை. நைனாவுக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்திருக்கிறது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அடுப்பின் முன் நிறுத்திவிட்டார். நான் மதியம் தலைவலி என்று சீக்கிரம் வந்தபோது அந்த மனிதர் ரீடிங் அட்டையால் விசிறிக்கொண்டு வியர்க்க நின்றிருந்தார்.

“சார், நான் ரீடிங் எடுக்க வந்தவன் சார். பெரியவரு சார்ஜ் எடுன்னாரு. இன்னா சார்ஜுன்னே தெரியாம தலையாட்டிட்டேன். இப்ப போனா திட்டுவாரா சார்?”

“கட்டாயம் திட்டுவார்” என்றேன். அவர் நின்றார். அந்த வீட்டில் எல்லோரும் கடைசியில் அப்படித்தான் நிற்போம்.

விமலா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். அதே கம்பெனி பஸ்ஸில் வரும் பிட்டர் வேலை பார்க்கும் பாஸ்கரை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. பாஸ்கரின் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். அவன் அப்பாவுக்குக் கரும்புத் தோட்டமும், வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் இருந்தன. பையன் வீட்டில் முறைப்படி பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வரும் நாளன்று காலை விமலா மாடிக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணா, ஏற்கெனவே ரெண்டு எடம் அப்பாவாலதான் போச்சு. ஒருத்தர் ஊட்ல கிரசின் ஸ்டவ்வுன்னு தெரிஞ்சு அவங்க மூஞ்சிக்கு நேரா திட்னாரு. இன்னொருத்தர் ஊட்ல சிம்னி சுத்தம் பண்றீங்களான்னு கேட்டாரு. இந்த எடமும் போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேண்ணா. அவரு அடுப்பாண்ட ஒக்காந்துட்டா எழுப்ப முடியாது. நீங்கதான் எப்டியாவது உள்ள இட்டாரணும்.”

“கேஸ்ல பண்ணிடலாமே” என்றேன்.

“சிலிண்டர் தீந்து போச்சு. புக் பண்ணி எத்தினி நாளாச்சு, இன்னும் வரல.”

உலகத்தில் உள்ள எல்லா சிலிண்டர்களும் பெண் பார்க்கும் நாளில்தான் தீர்ந்துபோகும் என்பது என் அனுபவம். நான் வாக்குக் கொடுத்தேன்.

பள்ளிப்பட்டிலிருந்து வேன் வந்து நின்றபோது நைனா புது வேட்டி கட்டிக்கொண்டு அடுப்பின் முன் குந்தியிருந்தார். கேசரி முடிந்து இறக்கியாகிவிட்டது. பஜ்ஜிக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. திருவள்ளூரிலிருந்து வந்திருந்த அவர் தங்கை கூடத்திலிருந்து ஓடிவந்தார்.

“அண்ணே, அவங்கல்லாம் வந்து ஒக்காந்துட்டாங்க. பொண்ணோட அப்பா எங்கன்னு கேக்கறாங்க. எழுந்து வா!”

“காயற எண்ணெய உட்டுட்டு எவனும் நகரக்கூடாது. ஆள அனுப்பு.”

நான் போய் நின்றேன். “நான் பாத்துக்கிறேன் நைனா. நீங்க போங்க.”

அவர் எழுந்திருக்கவில்லை. “சொல்லு. இன்னா எரியுது?”

“விறகு.”

“இன்னா வெறகு?”

“காஞ்ச விறகு.”

“சவுக்கா, வேலமா?”

“சவுக்கு.” இது குத்துமதிப்பு. பலித்துவிட்டது.

“காத்து எங்கேந்து?”

கூடத்திலிருந்து யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அந்தப் பதற்றத்தில் “கீழேந்து” என்றேன்.

“பெயிலு! வெறகுக்கு மேல்காத்து, கரிக்குக் கீழ்காத்து. ரெண்டு வருசமா இன்னா கேட்டுக்கினு இருந்த நீ? போ, போ. வேற ஆள அனுப்பு.”

வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன்? அதற்குள் வேறு ஆள் தானாகவே வந்துவிட்டார். கை கழுவக் கொல்லைக்கு வந்த பாஸ்கரின் அப்பா, வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக அடுப்பின் அருகில் நின்று, தலையைச் சாய்த்துத் தீயைப் பார்த்தார். வருஷம் முழுக்கக் கொப்பரையின் கீழ் கரும்புச் சக்கை எரித்தவர் சும்மா இருப்பாரா?

“இன்னா நைனா, தீ இவ்ளோ மெதுவா கீது? அந்தக் கீழ்க்கதவ தொறந்து உடு. சும்மா பிச்சிக்கினு எரியும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“யாருய்யா நீ?” என்றார் நைனா.

“நான் மாப்பிளையோட அப்பா.”

“அது உள்ள. இங்க அடுப்பாண்ட யாரு நீ?”

“கொப்பரை கொப்பரையா வெல்லம் காச்சறவன் நான். எனக்கே நெருப்பப் பத்தி சொல்றியா?”

“உன்து குழி அடுப்பு. இது மல்டி ப்யூயல். வெறகுக்குக் கீழ்காத்து குடுத்தா பாதி சூடு சிம்னில போவும்!”

“எதுக்கு பேச்சு, பாரேன்” என்று சொல்லி, அவர் கால் கட்டை விரலால் கீழ்க்கதவைத் திறந்துவிட்டார்.

நைனா சொன்னது சரியா, அவர் சொன்னது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் தீ பிச்சிக்கொண்டு எரிந்தது உண்மை. எண்ணெயிலிருந்து புகை கிளம்பியது. நைனா “எமர்ஜென்சி!” என்று அலறிக்கொண்டு, எப்போதும் தயாராக வைத்திருக்கும் மணல் வாளியைத் தூக்கி வீசினார். அடுப்புக்குள் கொஞ்சம் விழுந்தது. மிச்சம் பஜ்ஜி மாவிலும், கேசரியிலும், மாப்பிள்ளையின் அப்பா தலையிலும் விழுந்தது.

சத்தம் கேட்டுக் கூடத்தில் இருந்த எல்லோரும் கொல்லை வாசலில் வந்து குவிந்துவிட்டார்கள். தங்கை வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பாஸ்கர் தன் அப்பாவையும், நைனாவையும், வாளியையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்றாவது இடமும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக விமலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். புடவையை இழுத்துச் சொருகினாள். ஒரு தட்டை எடுத்து எண்ணெய்ச் சட்டியை மூடினாள். இடுக்கியால் கீழ்க்கதவைச் சாத்தினாள். சட்டியைத் துணியால் பிடித்து ஆடாமல் ஓரத்துக்கு நகர்த்தினாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது, குரலில் கோபம்.

“சவுக்கு. காத்து மேலேந்து. சாம்பலு ரெண்டு வெரலு. தகடு பாதி. பொகை இல்ல. சார்ஜ் எடுத்துக்கினேன். போதுமா? உள்ள போ!”

நைனா வாளியைக் கீழே வைத்தார். உள்ளே நடந்தார்.

“மாமா, நீங்களும் உள்ள போய் ஒக்காருங்க” என்றாள் விமலா.

மாப்பிள்ளையின் அப்பா தலைமுடியிலிருந்து மணலைத் தட்டிவிட்டார். அவளை மேலும் கீழும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

“பொண்ணு பாக்கத்தான வந்தோம்?” என்றார் பொதுவாக. “பாத்தாச்சு.”

அன்று யாருக்கும் பஜ்ஜி கிடைக்கவில்லை. கேசரியில் முந்திரி என்று நினைத்து நான் கடித்ததெல்லாம் மணல். ஆனால் தட்டு மாற்றிக்கொள்ளும் தேதியைப் பேசிவிட்டுத்தான் வேன் கிளம்பியது. போகும்போதுகூட இரண்டு அப்பாக்களும் வேன் ஜன்னலில் மேல்காற்று, கீழ்காற்று என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருப்பாச்சூரில் கல்யாணம் நடந்தது. நைனா அன்று யாரையும் திட்டவில்லை. சமையல்காரர்களின் அடுப்புப் பக்கம் தலைகூட நீட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. விமலா புருஷனோடு வேனில் ஏறியபோது சிரித்தபடியே கையை ஆட்டினார். வேன் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தேன். நைனா கொல்லையில் அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எப்போதோ கொதித்து முடிந்திருந்தது. ஒரே ஆளுக்கு வைத்த சோறு குழைந்துபோயிருந்தது. உள்ளே தீ இல்லை, கொஞ்சம் கங்கு மட்டும்.

“இன்னா நைனா, அடுப்புதான் அணைஞ்சு போச்சே. எழுந்து வாங்க” என்றேன்.

“அணையல. கங்கு கீது. ஆளு வராம எப்டி எழுந்துக்கறது?” என்றார். முன்பெல்லாம் அதட்டலாகச் சொல்வார். அன்று மெதுவாகச் சொன்னார். விமலா வேலையிலிருந்து வந்து செருப்பை உதறிவிட்டு நேரே கொல்லைக்கு ஓடிவருகிற நேரம் அது.

பக்கத்தில் போய்க் குந்தினேன். “சரி, நான் வந்துட்டேன். கேளுங்க.”

“இன்னா எரியுது?”

“சவுக்கு.”

“காத்து எங்கேந்து?”

பெண் பார்த்த அன்று பட்ட பாட்டுக்குப் பிறகு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதற்கு எனக்குச் சரியான பதில் தெரியும். சொல்லிவிட்டால் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். உள்ளே விளக்குக்கூடப் போட்டிருக்கவில்லை.

“கீழேந்து” என்றேன்.

“பெயிலு!” நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய குரல் திரும்பி வந்தது. “உன்னோட ஒரே பேஜாரு கணக்கு! எத்தினி வாட்டி சொல்றது? அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்கினு ஒக்காரு. மொதல்லேந்து சொல்றேன், நல்லா கேட்டுக்க. வெறகுன்னா...”

வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவரை நான் ஒருநாள்கூட பாஸ் ஆகவில்லை.