அட்டவணையார் நாடு சுற்றக் கிளம்பிய கதை

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால், வரலாற்றில் முதன்முறையாக ஒரு குடும்பம் நாட்டின் வடகோடிக் காட்டிலிருந்து தென்கோடிக் கடற்கரை வரை, நடுவில் நிற்கும் மலை, மேற்கே பரந்த உப்புவெளி, கிழக்கே கிடக்கும் தீவுகள் எதையும் விட்டுவைக்காமல், ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் சுற்றிவரப் போகிறது.

இந்த அறிவிப்பு வெளியான இடம் ஒரு வீட்டின் முன்னறை. வெளியிட்டவர் அந்த வீட்டின் தலைவர். கேட்டுக்கொண்டிருந்த சகலரும் அவருடைய மனைவி, மகன், மருமகள் ஆகியோர். மகன் ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தான். இன்னொரு சாக்ஸ் தரை முழுக்க விரித்திருந்த தேசப்படத்துக்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது.

"இது ஆறாவது வரைவு," என்றார் தலைவர். "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடணும். வண்டியில ஏறினப்புறம் ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அவரை அலுவலகத்தில் அட்டவணையார் என்பார்கள். முகத்துக்கு நேராக அல்ல. பேருந்துக் கழகத்தின் தலைமை அலுவலகத்தில், எந்தப் பேருந்து எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று எழுதியே தலை நரைத்தவர். பேருந்துகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. அவை பாட்டுக்குப் புறப்பட்டன, அவை பாட்டுக்கு வந்து சேர்ந்தன. அதுபற்றி அவருக்குக் கவலையும் இல்லை. அவர் வேலைக்கு வந்துபோனது அலுவலக ஜீப்பில்.

ஓய்வுபெற்ற அன்று நடந்த பிரிவு உபசாரத்தில், அவருக்குக் கீழே வேலை பார்த்த உதவியாளர் எழுந்து, மிகுந்த பணிவோடு ஒரு கேள்வி கேட்டான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போட்ட அட்டவணையை நம்பி நீங்க ஒரு தடவையாவது பஸ் ஏறியிருக்கீங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அவரோடு ஜீப்பில் ஏறி வீடுவரை வந்தது.

வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர அவருடைய நிர்வாகத் திறமைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. இறங்க இடமில்லாமல் அது வீட்டில் வந்து இறங்கியது. குளியலறைக் கதவில் யார் எப்போது குளிக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை ஒட்டப்பட்டது. மகன் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "உன் நேரம் முடிஞ்சு போச்சு, அடுத்தவங்க காத்துக்கிட்டிருக்காங்க," என்று கதவு தட்டப்பட்டது. சமையலறையில் மனைவிக்குப் பின்னால் கைகட்டி நின்று, உப்பு டப்பாவை அடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்தால் போய்வருவதில் எவ்வளவு காலவிரயம் என்று விளக்கினார். அவள் டப்பாவை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். அன்றைய சாப்பாட்டில் உப்பு இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலை டீயை நீட்டியபடி அவள் சொன்னாள்:

"என்னங்க, நாடு பூரா ஒரு தடவை சுத்திப் பாத்துட்டு வந்துடலாங்க. நீங்க பிளான் போட்டா ஒரு குறை இருக்காது."

கடைசி வாக்கியம் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. கல்யாணமான நாளாய் அவள் இப்படியொரு வாக்கியம் பேசியதில்லை. உடனே உதவியாளருக்குப் போன் செய்தார்.

"தம்பி, மழைக்காலம் தொடங்கறதுக்குள்ள நாட்டையே ஒரு சுத்து சுத்திட்டு நேரா ஆபீஸுக்கு வர்றேன். போட்டோ காட்டுறேன். என் அட்டவணைப்படி போய், என் அட்டவணைப்படி திரும்பி வந்த போட்டோ."

"காத்துக்கிட்டிருக்கோம் சார். அப்படி நடக்கலன்னா என்ன சார் பண்றது?"

"நடக்கலன்னா, ஆபீஸ் வாசல்ல நின்னு எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிங்க."

அன்றோடு குளியலறைக் கதவில் இருந்த அட்டவணை ஈரத்தில் ஊறிக் கழன்று விழுந்தது. யார் எடுத்துப் போட்டார்கள் என்று அவர் விசாரிக்கக்கூட இல்லை. பெரிய பொறுப்பு வரும்போது சின்னப் பொறுப்புகளைத் துறக்கத்தான் வேண்டும்.

திட்டம் போடுவதில் அவருக்குத் தெரிந்தது ஒரே முறைதான். வரைவு எழுதுவது, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் சுற்றுக்கு விடுவது, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது. ஒருவர் ஆட்சேபித்தாலும் திரும்ப முதலிலிருந்து. இந்த முறையின் மகிமையை அவர் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்து வேண்டும் என்று வந்தவர்களிடம் அவர் ஒருபோதும் முடியாது என்று சொன்னதில்லை. 'சுற்றுக்கு விட்டிருக்கிறோம்' என்றுதான் சொன்னார். கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது.

"முடியாதுன்னு சொன்னா சண்டைக்கு வருவான். ஆட்சேபணை கேட்டு வெச்சா, காலம் பூரா நம்பிக்கையோட உக்காந்திருப்பான்," என்று சொல்லிவிட்டு ஏப்பம் விடுவார். மனைவி பரிமாறியபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது ஆறாவது வரைவைப் பார்த்து மகன் தொண்டையைக் கனைத்தான்.

"அப்பா, ஆட்சேபணைன்னு இல்ல..."

"அப்படி ஆரம்பிக்கிறது எல்லாமே ஆட்சேபணைதான். சொல்லு."

"வடக்குக் காட்டை முதல்ல போட்டிருக்கீங்க. அந்த நேரம் ஆபீஸ்ல கணக்கு முடிக்கணும், லீவு குடுக்க மாட்டாங்க. காட்டைக் கடைசியில வெச்சுக்கலாமா?"

"கடைசியில வெச்சா காட்டுல மழை ஆரம்பிச்சுடும்டா. ஆறு பெருகினா படகு எப்படி ஓடும்?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"

மறுக்க முடியாத வாதம். பயணத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட உட்கார்ந்தார். புரட்டியதில் தீவுக்குக் கப்பல் புறப்படும் நாளில் குடும்பம் மலை உச்சியில் இருந்தது. மலையடிவாரத்துக்கு ரயில் வரும் நாளில் நடுக்கடலில் இருந்தது.

"அப்பா, ஆபீஸுக்கு நேரமாச்சு. எந்த வழியா வெளிய போறது?" என்று படத்தின் ஓரத்தில் நின்று மகன் கேட்டான்.

"கடல் மேல மிதிச்சுக்கிட்டுப் போ. உப்புவெளியில கால் வெச்சுடாதே, குண்டூசி குத்தியிருக்கேன்."

கடலையும் மலையையும் ஒருவழியாகச் சமாதானப்படுத்தி ஏழாவது வரைவைச் சுற்றுக்கு விட்டபோது மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மாமா, எனக்கு மலைப்பாதை வளைவு ஒத்துக்காது. ரெண்டாவது வளைவுலயே குமட்டிக்கிட்டு வரும்."

"மொத்தம் எத்தனை வளைவு இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே மாமா."

அவருக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தேசப்படத்தின் மேல் குப்புறப் படுத்தார். எண்ணிக்கை பாதி மலை ஏறியபோது ஒரு தும்மல் வந்தது. மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. மருமகள் வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து, படத்தில் மலையுச்சிக்குப் பக்கத்தில் ஜாக்கிரதையாக வைத்துவிட்டுப் போனாள்.

கடைசியில் மலையே வேண்டாம், சுற்றிக்கொண்டு உப்புவெளி வழியாக ரயிலில் போய்விடலாம் என்று தீர்ப்பாயிற்று. எட்டாவது வரைவு. இந்தமுறை மனைவியின் முகம் மலர்ந்தது.

"உப்புவெளி வழியாவா? அப்ப நம்ம சின்னம்மா வீடு வழியிலதானே? எட்டிப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?"

சின்னம்மா வீடு சேர்க்கப்பட்டது. அதற்காகத் தென்கடற்கரையிலிருந்து ஒரு பகலும், அருவியிலிருந்து ஒரு காலைப்பொழுதும் வெட்டி எடுக்கப்பட்டன. ஒன்பதாவது வரைவைக் கையில் வாங்கிய மனைவி, படித்துக்கொண்டே வந்து நடுவில் நிறுத்தினாள்.

"சின்னம்மா வீடு வேண்டாங்க."

"நீதானேம்மா கேட்டே!"

"கேட்டேன். அவ பொண்ணு கல்யாணப் பத்திரிகையில என் பேரை விட்டது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஊர் வழியாப் போனோம்னு தெரிஞ்சாக்கூட, ஏன் வரலன்னு ஊர் பூரா சொல்லித் திரிவா."

"ரயில் அந்த ஊர்ல நிக்குமே."

"நிக்காத ரயிலாப் பாருங்க."

"எல்லா ரயிலும் அங்க நின்னு தண்ணி ஏத்திக்கிட்டுத்தான் போகும். வேற ஊர்ல தண்ணி கிடையாது."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். ஸ்டேஷன் வந்ததும் ஜன்னலைச் சாத்திட்டு நாலு பேரும் குனிஞ்சு உக்காந்துக்கலாம்."

அவர் யோசித்தார். நன்றாக யோசித்தார். பத்தாவது வரைவில், உப்புவெளிப் பகுதிக்கு எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில், 'குனியும் நேரம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

மேகம் கூடிக்கொண்டிருந்த ஒரு காலையில் உதவியாளர் போன் செய்தான்.

"சார், எங்க இருக்கீங்க? காட்டுலயா, கடல்லயா?"

"முன்னேற்பாடு நடந்துக்கிட்டிருக்கு."

"வானத்தைப் பாத்தீங்களா சார்? நாங்க வாசல்ல வந்து நிக்கட்டுமா? இல்ல, வேணும்னா எங்களுக்கும் ஒரு பிரதி சுற்றுக்கு விடுங்க. ஆட்சேபணை இருக்கான்னு பாத்துச் சொல்றோம்."

பின்னணியில் பல பேர் சிரிப்பது கேட்டது. அதே பழைய சிரிப்பு. அவர் போனை வைத்தார். காது சிவந்திருந்தது. குடும்பத்தை முன்னறைக்கு அழைத்தார்.

"இதுதான் இறுதி வரைவு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆட்சேபணை வரலன்னா, சம்மதம்னு எடுத்துக்குவேன். நாளைக்குக் காலையில டிக்கெட் வாங்குறேன். அடுத்த வாரம் கிளம்புறோம். நாலு பேரும். இருபத்திநாலு மணி நேரமும் ஒண்ணா."

மகன் மருமகளைப் பார்த்தான். மருமகள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். இவ்வளவு பெரிய காரியம் கைகூடும்போது மனிதர்களுக்குப் பேச்சு வராதுதான் என்று அட்டவணையார் புரிந்துகொண்டார்.

சாயங்காலம் மருமகள் டீ கொண்டுவந்தாள். வழக்கமில்லாத வழக்கமாகக் கூடவே பிஸ்கட்டும் இருந்தது.

"மாமா, இது ஆட்சேபணை இல்ல. ஒரு சின்னச் சந்தேகம்."

"கேளும்மா."

"கிழக்குத் தீவுல கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுமாமே? அதை நீங்க எந்த இடத்துல சேத்திருக்கீங்கன்னு தேடினேன், என் கண்ணுக்குத் தட்டுப்படல."

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த பிஸ்கட் நின்றது. தீவுகளுக்குக் கழகத்தின் பேருந்து ஓடுவதில்லை. அதனால் தீவுகளுக்கென்று ஒரு நேரம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கப்பல் போய்ச் சேரும்போது இணைப்புப் படகு போய்விட்டிருக்கும். படகு போனால் ரயில் போச்சு. அடுத்த ரயிலில் ஏறினால் அதில் ஜன்னலுக்குக் கதவே கிடையாது. அப்புறம் குனிந்தும் பயனில்லை, சின்னம்மா பார்த்துவிடுவாள்.

பிஸ்கட்டின் நனைந்த பாதி டீக்குள் விழுந்த சத்தத்தில் தெளிந்தார்.

"நல்லவேளை சொன்னேம்மா. இதுகூடத் தெரியாமக் கிளம்பியிருந்தா அந்தப் பய என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பான். உனக்கு ஆபீஸ் மூளை. நான் இருந்தப்பவே நீ வேலைக்கு வந்திருக்கணும்."

"எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் மாமா."

அலுவலகத்திலிருந்து வரும்போது ஞாபகார்த்தமாக எடுத்துவந்த 'வரைவு' முத்திரையை ஒரு புதுத் தாளின் தலையில் ஓங்கிக் குத்தினார். உள்ளே யாரோ வெகுநேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம் கேட்டது. குக்கராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வாக்குக் கொடுத்த பருவம் கண்ணெதிரே ஜன்னல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. இதற்கு முன்னால் எந்த வரைவின்போதும் தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. உண்மையிலேயே காட்டைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. அந்த ஆற்றில் படகில் போக வேண்டும்போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சமையலறைப் பின்வாசலில் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் குரல் கேட்டது.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் டூர் பிளான் போடறாரே, அது எங்க வீட்டுக்கும் வேணும்க்கா."

அட்டவணையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆக, விஷயம் வெளியே பரவிவிட்டது. இன்று பக்கத்து வீடு, நாளை தெரு, அதற்கப்புறம் ஒருநாள் அந்த உதவியாளரே வாசலில் வந்து நின்று, 'சார், ஒரு பிரதி கிடைக்குமா?' என்று தலையைச் சொறிவான். சட்டைக் காலரைச் சரிசெய்தார். தலையை வாரினார். இருப்பதிலேயே மடங்காத ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு, ஊதி ஆறவைத்து, எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"மெதுவாப் பேசு டீச்சர், முன்ரூம்லதான் இருக்கார்," என்று மனைவி சொல்வது கேட்டது.

"அடுத்த மாசம் எங்கவரும் ரிட்டயர் ஆகி வீட்டோட வந்துடறாருக்கா," என்றாள் டீச்சரம்மா. "உங்கவரைச் சமையல்கட்டுப் பக்கம் வரவிடாம வெச்சிருக்க உங்களுக்கு முழு நாடு தேவைப்பட்டுச்சு. எங்கவர் கொஞ்சம் மெதுவான ஆள், பாதி நாடு போதும்."