வேகமான நெட் போட்டு மானம் போன கதை

தனியாக இருக்கிறவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். திட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லாததால் அது கேஸ் ஏஜென்சி, கரண்டு ஆபீஸ், கேபிள்காரர் என்று வெளியே கிளம்பிவிடும். நான் திட்டாத இலாகா இந்த ஊரில் கிடையாது.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகன் அருள் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் பறந்த பிறகு, ஆம்பூரில் இந்த இரண்டு அறை வீட்டில் நானும் ஒரு மோடமும்தான் மிச்சம். எனக்கு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. பகலெல்லாம் பெண்கள் கூச்சலுக்கு நடுவில் இருந்துவிட்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கதவைத் திறந்தால் வீடு ‘ஙே’ என்று இருக்கும். வாரத்தில் எனக்கென்று இருந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அன்றைக்கு அருள் வீடியோவில் வருவான்.

வருவான் என்றா சொன்னேன்? பாதிதான் வருவான். “அம்மா, சாப்ட்...” என்பான். அப்படியே வாயைத் திறந்தபடி நின்றுபோவான். அந்த நின்றுபோன முகத்தோடு நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன் (திட்டிக்கொண்டிருப்பேன் என்பதே சரி. அசையாத பிள்ளையைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், எதிர்த்துப் பேசாது). கொஞ்ச நேரத்தில் ‘நெட் சரியில்லம்மா, அடுத்த வாரம் பேசறேன்’ என்று போனில் ஒரு செய்தி வரும். என் ஞாயிறு அத்தோடு முடிந்தது.

பக்கத்து வீட்டு நஸ்ரீன்தான் ஏற்றிவிட்டாள். “இன்னாக்கா, இன்னும் அந்தக் கேபிள்காரர் லைனையே வெச்சிக்கினு பேஜார் பட்றீங்க? புது பைபர் கம்பெனிக்கு மாறுங்க. நூறு எம்பி ஸ்பீடாம்.”

“நம்மளுது எவ்ளோ?”

“யாருக்குத் தெரியும்? செக் பண்ணிப் பாருங்க.”

செக் பண்ணு என்று என்னிடமா சொல்வது? பாதி ஆயுசாக அதைத்தானே செய்கிறேன். எங்கள் கம்பெனியில் தோல் வந்ததும் மேசையில் விரிப்போம். கீறல் எங்கே, உண்ணி கடித்த தழும்பு எங்கே என்று தடவிப் பார்த்து, அங்கெல்லாம் சில்வர் பேனாவால் வட்டம் போடுவோம். வட்டத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் ஷூவுக்கு வெட்டுவார்கள். வீட்டுக்கும் அதே நியாயம்தான் என்று முடிவு செய்தேன். ஸ்பீட் பார்க்கிற ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டு சுவர் சுவராக நடந்தேன். எண் குறைந்த இடத்திலெல்லாம் ஒரு வட்டம். சமையலறையில் வட்டம், சாமி படத்துக்குக் கீழே வட்டம், குளியலறைக் கதவில் பெரிய வட்டம் (அங்கே நின்று யாரோடு வீடியோவில் பேசுவதாக உத்தேசமோ!). முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். மொத்த வீடும் ரிஜெக்ட்.

புது லைன் போட வந்த முரளி பள்ளிகொண்டாக்காரர். வாசற்படியிலேயே தயங்கி நின்றார். “இன்னாம்மா, ரோட்ட அகலப்படுத்த வீட்ட இடிக்கப் போறாங்களா? வட்டம் போட்டுக் குறிச்சிட்டுப் போயிருக்காங்க?”

“அதெல்லாம் ஸ்பீட் இல்லாத இடம். நான்தான் குறிச்சேன். ஜெர்மனில இருக்கற பையனோட வீடியோவுல பேசணும். ஒவ்வொரு வட்டத்துலயும் எனக்கு நூறு வரணும்.”

“நூறுங்கறது மோடம் வரைக்கும்தாம்மா. அதுக்கப்புறம் சுவரு, பீரோ, தூரம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் புடுங்கிக்கும். மோடம் எங்க வெச்சிருக்கீங்க?”

காட்டினேன். தூசி படக்கூடாதென்று இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்து, பழைய துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தேன். அவர் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “சளி புடிச்சிருக்கா?” என்றார்.

பிறகு பழைய லைனைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: “வர்ற ஸ்பீட் வேற, நீங்க அனுப்பற ஸ்பீட் வேறம்மா. இதுல வர்றதே சுமார்தான், போறது அதவிட ரொம்பக் கம்மி. உங்க மூஞ்சி உங்க பையனுக்குப் போய்ச் சேந்தே இருக்காது. வீடியோவுல பேச ரெண்டும் சரியா இருக்கணும். அதுக்கு நூறெல்லாம்கூட வேணாம், பத்துல ஒரு பங்கு போதும்.”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அவன்தான் எனக்கு அரைகுறையாக வருகிறான் என்று நினைத்திருந்தேன். நான்தான் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லையாம். “நூறே போடுப்பா” என்று சொல்லிவிட்டு, காபி வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு வந்தது. மோடம் ஹால் நடுவில் ஸ்டூல் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. நான் இஸ்திரி போட்ட புடவையில், அருள் வாங்கித் தந்த டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்தான். அடேயப்பா, முழுசாக வந்தான்! காதோரம் நரைத்திருந்தது. என் பிள்ளைக்கு எப்போது நரைத்தது?

“அம்மா, சூப்பரா தெரியறம்மா! மூக்குத்திகூட மின்னுது.”

சாப்ட்டியா, சாப்ட்டேன். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். வழக்கமாக இந்த இடத்தில் நெட் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. வேறு வழியில்லாமல் பேச வேண்டியதாகிவிட்டது.

“பொங்கலுக்கு வந்துருவ இல்ல?” என்றேன்.

அவன் நின்றுபோனான். கண் என்னைப் பார்த்தபடி, உதடு லேசாகத் திறந்தபடி, அசைவே இல்லை.

வந்ததே எனக்குக் கோபம்! “நூறாம் நூறு! கட்டைல போற கம்பெனி!” என்று ஆரம்பித்து, பழக்க தோஷத்தில் அந்த முகத்துக்குத் தாவினேன்.

“உனக்கு இன்னாடா, வர்றேன் வர்றேன்னே பொங்கல் பொங்கலா போய்னே இருக்குது. ‘நல்லா இருக்கேன்’னு நான் சொன்னா நம்பிடுவியா? மீன் வாங்கறதயே வுட்டுட்டேன்டா. ஒருத்திக்கு எதுக்கு மீனு? காய்ச்சல்ல படுத்துக் கெடந்தேனே, உங்கிட்ட சொன்னனா? நஸ்ரீன்தான் கஞ்சி வெச்சுக் குடுத்தா. சாயங்காலம் டிவில நியூஸ் படிக்கிறவரு வணக்கம்னு சொல்வாரு. நானும் பதிலுக்கு வணக்கம் சொல்றேன். எனக்கு வணக்கம் சொல்ல அவரு ஒருத்தருதான் இருக்காரு.”

முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, போனை எடுத்து முரளியைப் பிடித்தேன். “வந்து உன் மோடத்தத் தூக்கினு போ! படம் நின்னுடிச்சு!”

“பச்சை லைட்டு எரியுதாம்மா?”

“எரியுது.”

“படத்துல பின்னாடி எதுனா அசையுதா பாருங்க.”

பார்த்தேன். அருளுக்குப் பின்னால் சமையலறையில் துணி துவைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவுக்குள் ஒரு நீலச் சட்டை புரண்டு புரண்டு சுற்றியது.

“துணி... சுத்துதுப்பா.”

“அப்ப நெட் நல்லாத்தான் இருக்குதும்மா” என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அருள் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “லீவு கிடைக்கலம்மா. உங்கிட்ட அத எப்டி சொல்றதுன்னு தெரியாம அப்டியே உக்காந்துட்டேன்.”

“எதுலேர்ந்துடா கேட்டுச்சு?”

“நூறாம் நூறுலேர்ந்து.”

டேப்லெட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டேன். கையிலிருந்த போனில் அங்கேயும் கூப்பிட்டான் (புது லைன் அல்லவா, உள்ளே அருமையாகக் கிடைத்தது).

அந்தப் பொங்கலுக்கு அவன் வரவில்லை. கோடையில் வந்தான். வந்தவன் முதல் வேலையாக மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கினான். இரண்டாவது வேலையாக நஸ்ரீனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் மூக்குச் சிந்தியது வரை நடித்துக் காட்டினான். டிவியில் செய்தி ஆரம்பித்தால், “அம்மா, உன் ஃப்ரெண்ட் வந்துட்டாரு” என்று கூவுவான். லீவு முடிந்து திரும்பிப் போய்விட்டான். அடுத்த நாளே வீடு பழையபடி ஆகிவிட்டது. அன்றைக்கு அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று நடக்கிறது. நான் “நல்லா இருக்கேன்” என்று சொன்னதும் அவன் பேச்சை நிறுத்திவிடுவான். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கண் கொட்டாமல் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

“டேய், நடிக்காத.”

அசைய மாட்டான்.

“நெட் நின்னுடிச்சா?”

“நின்னுடிச்சும்மா” என்பான் உதடு அசையாமல். “நீ பேசு.”