ஜெகபர் அலி ரசித்த இரண்டாம் பாதி

தொண்ணூற்றேழாம் வருஷம் அந்தப் படம் வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் அதைத் துவைத்துக் காயப்போட்டன. படம் என்னவோ தஞ்சாவூரில் இருநூறு நாள் ஓடியது. பாபநாசம் ஜெகபர் அலி மட்டும் இடைவேளையிலேயே ஓடிவந்துவிட்டார். கல்யாணமாகி இருபதாவது நாள். முறுக்குப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்த புது மனைவி ஜன்னத் பீவியையும் கையோடு எழுப்பிக்கொண்டு வந்தார்.

"ஒருத்தன் வாழைத்தாரைச் சுத்தி நாப்பது பேரை அடிக்கிறான். தாருல ஒரு காயாவது உதிர்ந்துச்சா?" என்று பஸ்ஸில் கேட்டார்.

"உதிரலைங்க. அதான் எனக்குப் பிடிச்சுது. மீதிப் படத்துல என்ன ஆகும்?"

"என்ன ஆகும், மீதித் தாரும் வரும்."

அன்றிலிருந்து டீக்கடையோ கல்யாண விருந்தோ, யாராவது அந்தப் படத்தின் பேச்சை எடுத்தால் போதும். "லாஜிக் வேணாமாய்யா?" என்று சொற்பொழிவை ஆரம்பித்துவிடுவார். பிரியாணி ஆறிப்போகும்.

இரண்டு வருஷத்தில் ஷார்ஜாவுக்குப் போனார். ஒரு அறையில் ஆறு பேர், ஒரு டிவி, ஒரே ஒரு தமிழ்ப்பட சிடி. எந்தப் படம் என்று சொல்லவேண்டியதில்லை. ஐந்தாம் வருஷம் அந்த சிடியோடு அறைக்கு வந்து சேர்ந்த ராஜகிரி ஃபாஜில் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் போடுவான். முதல் வாரம் ஜெகபர் அலி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டாம் வாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாம் வாரம் சட்டை தீய்ந்தது.

இரண்டாம் பாதியில் கதாநாயகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறான். விமானம் ஓடுதளத்தில் ஓட ஆரம்பித்தபிறகு மனைவி நினைவு வந்து, கதவைத் திறந்து குதித்து, சட்டை கசங்காமல் வீடுவரைக்கும் ஓடுகிறான். பத்திரிகைகள் விழுந்து விழுந்து சிரித்தது இந்தக் காட்சிக்குத்தான். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெகபர் அலி போர்வைக்குள் மூக்கைச் சிந்தினார். அதற்கு முந்தின விடுமுறையில் வீட்டு வாசலில் இறங்கியபோது மகள் நிலோஃபர், "அம்மா, யாரோ வந்திருக்காங்க," என்று உள்ளே ஓடியிருந்தாள்.

இரண்டாயிரத்தேழில் மறுபடி விடுமுறை. திரும்பிப் போக இன்னும் பன்னிரண்டு நாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மத்தியானம் இரண்டரைக்கு அந்தப் படம் என்று டிவியில் விளம்பரம் வந்தது. பார்த்தே ஆகவேண்டும். ஆனால் மனைவி முன்னால் பார்த்தால் பத்து வருஷச் சொற்பொழிவு என்ன ஆவது?

"ஜன்னத், உன் தங்கச்சி சபிஹாவைப் பாத்து ரொம்ப நாளாச்சுல்ல? திருவையாறு வரைக்கும் போய்ட்டு வாயேன்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான். பாவம், தேடும்ல."

"நீங்க தனியா என்ன செய்வீங்க?"

"தூங்குவேன்."

ஜன்னத் பீவி மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவள் மறுபேச்சுப் பேசாததே சந்தேகப்பட வேண்டிய விஷயம். படம் பார்க்கிற அவசரத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

விமானம் ஓட ஆரம்பித்தது. ஜெகபர் அலி துண்டால் கண்ணைத் துடைத்தார். கதவு திறந்தது. படத்தில் அல்ல, வீட்டில். ஜன்னத் பீவியும் பக்கத்து வீட்டுக் கமருன்னிஸா அக்காவும் நின்றார்கள்.

"பஸ் போயிடுச்சுங்க. கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"

"தூசி."

"இந்தக் கண்றாவியா ஓடுது? அணைச்சிடவா?"

"ஓடட்டும், உனக்கென்ன."

இருவரும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். "ஓடுற ப்ளேன்ல கதவை எவன் திறப்பான்?" என்றாள் ஜன்னத் பீவி.

"திறக்கணும்னு நெனைச்சா திறக்கும்."

"குதிச்சா கால் உடையாதா?"

"உள்ளேயே உட்கார்ந்திருந்தா மனசு உடையுமே, அது பரவால்லையா?"

"அதென்ன தம்பி," என்றாள் கமருன்னிஸா, "நல்ல வேலையை விட்டுட்டு எவனாவது பொண்டாட்டிக்காகத் திரும்பி வருவானா? லாஜிக் வேணாமா?"

ஜெகபர் அலி எழுந்தேவிட்டார். "ஆறு பேர் படுக்கிற ரூம்ல கெடந்து பாருங்கக்கா, லாஜிக் புரியும். பெத்த பொண்ணு யாரோன்னு நெனைச்சு ஓடுறா. அவன் குதிச்சதுதான் சரி. குதிக்காதவன்தான் முட்டாள்."

டிவியில் சோப்பு விளம்பரம் வந்தது.

"அக்கா, கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்றாள் ஜன்னத் பீவி மெதுவாக.

"முட்டாள் வரைக்கும் கேட்டேன்."

ஜன்னத் பீவி பீரோவைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கடைத்தெருல அக்காவோட எடம் ஒண்ணு காலியா இருந்துச்சு. ஃபேன்சி ஸ்டோர் போடலாம்னு சாவி வாங்கி வெச்சு ஒரு மாசமாச்சு. உங்களை எப்படி இறக்குறதுன்னுதான் தெரியாம இருந்தேன்."

"எனக்கு இந்தப் படம் பிடிக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"மூணு வருஷமா போன்ல நீங்க எங்கிட்டப் பேசுனது பூரா இந்தப் பட வசனம்தானே. அஞ்சு தடவை பாத்த எனக்குத் தெரியாதா?"

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. யாராவது தன்னைப் பிடித்து இறக்கிவிடமாட்டார்களா என்று எட்டு வருஷமாகக் காத்திருந்தது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. சாவியைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, நீ இவ்வளவு சொல்றதால முதலாளியா உட்கார்ந்துதான் பாக்கறேன்."

"முதலாளி நான்தாங்க," என்றாள் ஜன்னத் பீவி. "நீங்க காலைல வந்து ஷட்டரைத் தூக்கிவிட்டாப் போதும்."