புறோட்சன் தூண்டில்

ஞானப்பிரகாசம் உண்ணாவிரதம் ஒன்றை அறிவித்தார். பட்டினி கிடக்க வேண்டியவள் அவருடைய மகள்.

"இண்டையில இருந்து ஒஹாயோவுக்கு ஒரு துண்டுப் பாணும் போகக் கூடாது!" என்று ஜெர்மனியின் எசன் நகரத்து வீட்டுக் குசினியில் நின்று முழங்கினார். கேட்பதற்கு இருந்தது ஒரே ஆள், மனைவி பேர்பெச்சுவா. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

மகள் துஷானி எசனில் பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவில் பிறந்த லக்ஸனைக் கட்டிக்கொண்டு ஒஹாயோவுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒருமுறையும் வரவில்லை. லீவு இல்லை, வேலை அதிகம் என்று காரணங்கள் மட்டும் தவறாமல் வந்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தலை தெரிந்தவுடன் புருசனும் பெண்சாதியும் ஒப்பாரி தொடங்கிவிடுவார்கள். அங்கே பாண் பஞ்சு மாதிரியாம். அதிலும் சீனி போடுகிறார்களாம். கறுத்தப் பாணுக்குக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே புறோட்சன், வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் அந்தச் சின்ன உருண்டைப் பாண். கலியாணத்துக்கு எசன் வந்து இரண்டு கிழமை நின்ற லக்ஸன் அதை இன்னும் கனவில் கடிக்கிறானாம்.

பேர்பெச்சுவா மாதாமாதம் கறுத்தப் பாணும் சொக்கிளேற்றும் பார்சல் கட்டி அனுப்புவாள். அங்கேதான் பிழை என்று ஞானப்பிரகாசம் கண்டுபிடித்தார்.

"பார்சல் போனால் பிள்ளை ஏன் வரப்போகுது? தின்ன ஆசையெண்டால் இஞ்ச வரட்டும்!"

"நாங்கள் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

"நான் வரமாட்டன். பிள்ளைதான் அப்பனைத் தேடி வரவேணும்."

"சரியப்பா," என்றாள் பேர்பெச்சுவா. அவள் இவ்வளவு சுலபமாகச் 'சரி' சொன்னபோதே மனுசன் உசாராகியிருக்க வேண்டும்.

முப்பது வருடம் பாண் சுடும் பேக்கரியில் மாவோடு மல்லுக்கட்டியவர் அவர். போன வருடம் பென்சன் வந்தது. அதோடு வீடும் வாயை மூடிக்கொண்டது. நாலு கதிரை மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவருக்கு மகள் வேண்டும். நத்தாருக்கு, அந்தக் கிறிஸ்மஸ் நாளிலாவது, அவள் அந்த மேசையில் இருந்து ஒரு பாணைப் பிய்த்தால் போதும். அதை வாய்விட்டுக் கேட்டால் அழுதுவிடுவார். அதனால்தான் இந்த வீரமெல்லாம்.

தூண்டிலுக்கு இரை போடும் வேலையை மனைவியே பொறுப்பெடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, கடைப் பாணைக் காட்டினால் அவளுக்கு என்ன ஆசை வரும்? உங்கட கையால சுட்டுக் காட்டுங்கோ. மாக் குழைக்கிறதில இருந்து காட்டவேணும். அப்பதான் வாயூறும்."

ஞானப்பிரகாசத்துக்கு உச்சி குளிர்ந்தது. முப்பது வருடமாக அந்தப் பக்குவத்தை அவர் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு ஏப்பிரனைக் கட்டிக்கொண்டு கமராவுக்கு முன்னால் நின்றார். பேர்பெச்சுவா போனைப் பிடித்தாள்.

"தண்ணி எவ்வளவு சூடப்பா?" என்று கேட்டாள்.

"சூடில்லை, பச்சைத் தண்ணி! உமக்கு என்ன தெரியும்? மா ஆறுதலாப் பொங்கவேணும். ஒரு இரவு குளிர்ப்பெட்டியில கிடக்கட்டும்."

"அப்பா, கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கோ, தெரியேல்லை," என்றது ஒஹாயோ.

"பாத்தீரே, பிள்ளை பறக்குது!" என்று மனைவியின் காதில் குசுகுசுத்தார். பாண் சுடும் அடுப்புக்குள் தட்டில் தண்ணீர் வைத்து ஆவி விடுகிற தொழில் ரகசியத்தையும் அந்த உற்சாகத்தில் அவிழ்த்துவிட்டார். பிறகு, முதல்நாளே குழைத்து வைத்த மாவில் சுட்ட ஒரு புறோட்சனைக் கமராவுக்கு நேரே நறுக்கென்று கடித்தார். லக்ஸன் எச்சில் விழுங்கியது எசன்வரை கேட்டது.

ஆறு ஞாயிறு இப்படியே போனது. மகள் வருகிற கதையைக் காணவில்லை.

"நான் போய்க் கையோட கூட்டிக்கொண்டு வாறன்," என்றாள் பேர்பெச்சுவா. அவரே சூட்கேசைத் தூக்கிக்கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டார். சூட்கேஸ் ஏன் இப்படிக் கனக்கிறது என்று கேட்கவும் இல்லை.

இப்போது நாலு கதிரைக்கு ஒரே ஆள். மூன்று நேரமும் தான் சுட்ட பாணையே தின்றார். அதன் மொறுமொறுப்பு அந்த வீட்டில் பெரிய சத்தமாகக் கேட்டது. எதிரே இருந்து "மெல்லச் சாப்பிடுங்கோவன்" என்று சொல்ல ஆளில்லை. இரண்டாம் கிழமை புட்டுக்கு நாக்கு ஏங்கியது. அலுமாரி அலுமாரியாகத் தேடினார். அரிசிமாவும் இல்லை, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியும் இல்லை.

ஞாயிறு வீடியோவில் ஒஹாயோ மேசை தெரிந்தது. அதன் நடுவே ஒரு கூடை புறோட்சன், அவர் சுட்ட அதே நிறத்தில். லக்ஸன் இரண்டு கையிலும் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நீங்கள் காட்டின மாதிரியே வந்திருக்கு! அம்மா வந்து கைப்பதம் பிடிச்சுத் தந்தவா," என்றாள் துஷானி.

ஞானப்பிரகாசம் கையில் இருந்த பாணைத் தட்டில் வைத்தார். இனி அந்தப் பிள்ளை எதற்காக இங்கே வரப்போகிறது?

"எங்கயப்பா நீத்துப்பெட்டி?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார்.

பேர்பெச்சுவா அதைத் தூக்கிக் கமராவில் காட்டினாள். ஆவி பறந்தது.

"தின்ன ஆசையெண்டால் இஞ்ச வாங்கோ. நத்தாருக்கு உங்களுக்குப் பிளேன் ரிக்கற் போட்டாச்சு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி மரியாதையையாவது காப்பாற்றப் பார்த்தார். "சரி, வாறன். வரேக்க எத்தினை புறோட்சன் சுட்டுக்கொண்டு வர?"

"ஒண்டும் வேண்டாமப்பா," என்றாள் பேர்பெச்சுவா. "லக்ஸன் உங்களைவிட நல்லாச் சுடுறான்."