பூண்டா, தாகமா?

பிரியாணிக்குப் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் அருகில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. (உரிக்கச் சொன்னதை நான் உரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) முழுப் பூண்டில் அல்லிசின் என்ற பொருள் கிடையாதாம். பல் நசுங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் இரண்டு பொருட்கள் கலந்து அது உண்டாகிறது. ஆய்வகத் தட்டில் பல பாக்டீரியாக்களையும், சில ஒட்டுண்ணிகளையும், சில வைரஸ்களையும்கூட அது அடக்குகிறது. உடம்புக்குள் என்ன செய்யும் என்பது வேறு விஷயம். நான் மைக்ரோபயாலஜி கடைசி வருடம். கல்லூரிக் கண்காட்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

குவைத்திலிருந்து அத்தா, அதாவது என் அப்பா, போனில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார். பரிசு வாங்கினால் புதுச்சேரியில் எம்.எஸ்சி.; இல்லாவிட்டால் பக்கத்திலேயே பி.எட். குழந்தைகளை எனக்குப் பிடிக்கும், தூரத்திலிருந்து.

எல்லோரும் கண்ணாடித் தட்டில்தான் கிருமி வளர்ப்பார்கள். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்துக்காரி அதைப் பீங்கானில் வளர்த்தால் நடுவர் அசந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். மாமா பீங்கான் யூனிட்டில் லோடு ஏற்றி அனுப்பும் பொறுப்பில் இருக்கிறார். அங்கே கிளேஸ் பூசிய பளபளப்பான தட்டுகள் இருந்தன. ஒருமுறை மட்டும் சுட்டு, இன்னும் கிளேஸ் பூசாத வெள்ளைத் தட்டுகளும் இருந்தன. நான் பூசாததைத்தான் எடுத்தேன். அந்தப் பளபளப்புப் பூச்சில் என்ன ரசாயனமோ, அதுவே கிருமியைக் கொன்றுவிட்டால் என் ஆராய்ச்சி என்னாவது? (அவ்வளவு ஜாக்கிரதை.)

தட்டுகளில் கடற்பாசிக் கூழான அகரை ஊற்றி, கிருமிக்காக அம்மாவின் தயிர்த் தண்ணீரைத் தடவினேன். தட்டுகளின் நடுவே பூண்டுச்சாறு. முறைப்படி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஒன்றில் மட்டும் பூண்டு கிடையாது. கண்காட்சி அன்று எங்கள் ஊர் மங்கலம்பேட்டையில் பஸ் ஏறினோம். என் மடியில் தட்டுப் பெட்டி, மாமா துணைக்கு. முன்சீட்டு அக்கா ஒருமுறை மூக்கைச் சுளித்துத் திரும்பிப் பார்த்துவிட்டு இடம் மாறிப் போனார்.

மேஜையில் தட்டுகளைத் திறந்தேன். ஒரு புள்ளிகூட வளரவில்லை. பூண்டு இவ்வளவு பலசாலி என்று நானே நினைக்கவில்லை. வைரஸ், ஒட்டுண்ணி என்று நான் மூச்சு விடாமல் பேசி முடிக்கும்வரை நடுவர் மேடம் பொறுமையாகக் கேட்டார்.

"பூண்டு போடாத தட்டு எதும்மா?"

பெருமையாகக் காட்டினேன். அதுவும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பெருமை அங்கேயே நின்றுவிட்டது.

அவர் பேனா முனையால் கூழைத் தொட்டார். அது அப்பளம்போல் தனியாகப் பெயர்ந்து வந்தது. கூழில் இருந்த ஈரம் முழுவதையும் தட்டு குடித்திருந்தது.

"கிருமி பூண்டுல செத்துச்சா, தாகத்துல செத்துச்சாம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாமா பதில் சொன்னார்.

"எங்க யூனிட்டு தட்டு நல்லா உறிஞ்சும்ங்க மேடம்."

பரிசு, சோப்பு நுரை பற்றி ஏதோ செய்தவர்களுக்குப் போனது. வூட்டுக்குள் நுழைந்ததும் மாமா நடந்ததை நடந்தபடி ஒப்பித்தார். அன்றிரவு அத்தா போனில் வெகுநேரம் சிரித்துவிட்டு, பி.எட். பேச்சை எடுக்காமல், "ஒழுங்கா இன்னொரு தடவ செஞ்சு காட்டு, அப்புறம் பேசலாம்" என்றார்.

அதிலிருந்து எங்கள் வூட்டில் எது செத்தாலும் இதே விசாரணைதான். ரோஜாச் செடி வாடினாலும், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அம்மா நிதானமாகக் கேட்கிறார்: "பூண்டுலயா, தாகத்துலயா?"

நேற்று மாமா உள்பக்கம் கிளேஸ் பூசிச் சுட்ட, ஈரம் உறிஞ்சாத தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை முதல் வேலை, பூண்டே போடாமல் ஒரு தட்டை வைப்பது. அதில் ஏதாவது வளர்ந்தால்தான் பூண்டு நசுக்குவேன்; படம் எடுத்து அத்தாவுக்கும் அனுப்புவேன். என் எம்.எஸ்சி. இப்போது அம்மாவின் தயிரிடம் இருக்கிறது.