மாமனாரின் கியர்

கியர் நகரவில்லை.

மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார், பொத்தானை அமுக்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வீட்டைக் காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரரைப்போல அந்தக் கியர்த் தடி 'பி' என்ற பார்க்கிங் நிலையிலேயே உட்கார்ந்திருந்தது.

உள்ளறையிலிருந்து மாமனாரின் குறட்டை வந்துகொண்டிருந்தது. அது வரும்வரை உயிருக்கு ஆபத்தில்லை.

காரைத் தொடும்படி யாரும் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. தொடக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மாமனார், ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேரைத் தேற விடாமல் துரத்தியடித்தவர். அந்தப் பாதியில் மாப்பிள்ளையும் அடக்கம். லைசன்ஸ் தர அத்தனை யோசித்த மனிதர், பெண்ணை யோசிக்காமல் தந்துவிட்டார். இன்று மாலை சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் அவர்தான் சிறப்பு விருந்தினர். "என் வண்டியில நானே ஓட்டிட்டு வருவேன்" என்று அழைக்க வந்தவர்களிடம் முழங்கியிருந்தார்.

ஷெட்டில் நின்ற அந்தக் காரைக் கழுவி வாசலில் நிறுத்தி வைத்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. குடியிருப்பது மாமனார் வீட்டு மாடி. அவர் முகம் சுளித்தால் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"என்ன பண்ணி வெச்சீங்க?" தண்ணீர் வாளியோடு வந்த மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. இழுத்தேன், வரல."

"நேத்து நல்லாத்தானே இருந்துது?"

"மெதுவாப் பேசு! கேட்டா நீ இழுத்தேன்னு சொல்லிடு. பெத்த பொண்ணை ஒண்ணும் பண்ண மாட்டாரு."

"நான் சொன்னாலும் நம்ப மாட்டாரு. இந்த வீட்டுல எது உடைஞ்சாலும் முதல்ல உங்களைத்தான் தேடுவாரு."

சொல்லிவிட்டுக் கைப்பேசியில் வழி தேடினாள். "பிரேக் விளக்கு எரியலேன்னா பழைய ஆட்டோமேட்டிக் வண்டி கியரைப் பூட்டியே வெச்சிருக்குமாம். மிதிங்க, பார்க்கறேன்." பின்னால் போய்ப் பார்த்தாள். "எரியுது."

"நல்லாப் பாரு."

"செக்கச்செவேல்னு எரியுதுங்க. உங்க முகம்தான் வெளுத்துப் போச்சு."

அடுத்த யோசனை, தடிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து உள்ளே அழுத்துவது. அப்படி அழுத்தினால் பூட்டு விடுபடுமாம். மாப்பிள்ளை மாமியாரின் சமையலறைக் கரண்டிக் காம்பால் நெம்பினார். மூடி இரண்டாக உடைந்து, ஒரு பாதி சீட்டுக்கடியில் ஓடி ஒளிந்தது. பூட்டு விடுபடவில்லை. உள்ளே ஏதோ பழுப்பாகப் பிசுபிசுத்தது. மனைவி விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிக்குது. போன வாரம் அப்பா இதுல உக்கார வெச்சு உங்களுக்குப் பாடம் எடுத்தாரே, அப்ப நீங்கதானே ஜூஸ் குடிச்சிட்டிருந்தீங்க?"

அன்று ஜூஸ் சிந்தியதா இல்லையா என்பது மாப்பிள்ளைக்கு நினைவில்லை. ஆனால் பயந்தவனுக்குச் செய்யாத குற்றமெல்லாம் நினைவுக்கு வரும். "சிந்தியிருக்கும்" என்றார் தீனமாக.

"வெந்நீர் ஊத்தினா கரைஞ்சிடும்."

ஊற்றினார்கள். கரைந்ததோ இல்லையோ, டாஷ்போர்டில் இருந்த விளக்குகளெல்லாம் ஒன்றாகக் கண் விழித்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை. அணைக்கச் சாவியைத் திருப்பினால் அணையவில்லை. மாப்பிள்ளை சகல தெய்வங்களையும் துணைக்கழைத்துத் தடியைப் பிடித்து இழுத்தார். தெய்வங்கள் மனமிரங்கின. தடியின் குமிழ் மட்டும் கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் குறட்டை நின்றது.

இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். குமிழைச் சட்டைக்குள் போடுவதா, விழுங்கிவிடுவதா என்று மாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஒரு இருமல். பிறகு, ஆண்டவன் புண்ணியம், குறட்டை மறுபடி தொடர்ந்தது.

மாப்பிள்ளை குமிழைத் திருகி மாட்டினார். மனைவி மூடி உடைந்த ஓட்டைக்குள் கரண்டிக் காம்பை விட்டு அழுத்த, அவர் இழுக்க, 'டக்'கென்று தடி விடுபட்டது.

"வந்துடுச்சு!" என்றார்.

காரும் வந்தது. ஷெட்டின் தரை வாசல் பக்கம் சரிவு. கை பிரேக் போட்டிருக்க வேண்டும் என்பது லைசன்ஸ் வாங்கியவர்களுக்குத்தான் முன்கூட்டியே தோன்றும். மனைவி வெளியே குதித்தாள். கார் வாளியை நசுக்கிக்கொண்டு பின்னோக்கி உருண்டது. மாப்பிள்ளை அலறிக்கொண்டே கால் போன இடத்தையெல்லாம் மிதித்ததில் ஒரு மிதி பிரேக்கில் விழுந்தது. கேட் தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம்.

கேட்டுக்கு வெளியே, கூட்டத்துக்கு அழைத்துப்போக வந்த செயலாளர் தன் காரிலிருந்து இறங்கிக் கைதட்டினார். "அடடா! வண்டியை வெளியவே எடுத்து வெச்சிட்டீங்களா!"

வாளிச் சத்தத்தில் எழுந்த மாமனார் வாசலுக்கு வந்தார். காரைப் பார்த்தவர் முகம் சுண்டிப் போயிற்று. மாப்பிள்ளை கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

"செயலாளரே, நான் உங்க வண்டியிலயே வந்துடறேன்" என்றார் மாமனார். "இதுல கியர் ஒட்டுது. காலையிலதான் பார்த்தேன்."

அப்படியானால் பழி தன்மேல் இல்லை! மாப்பிள்ளைக்கு உயிர் திரும்பியது. கூடவே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமும். "கவலையே வேண்டாம் மாமா! நான் சரி பண்ணிட்டேன். வெண்ணெய் மாதிரி வழுக்குது!"

"அப்ப என்னங்க ஐயா, நீங்களே முன்னால ஓட்டிட்டுப் போங்க" என்றார் செயலாளர். "நாங்க பின்னாலயே பார்த்துக் கத்துக்கிட்டு வர்றோம்."

மாமனார் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சையில் ஃபெயிலாக்கிய அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. ஸ்டீரிங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "நீங்களும் ஏறுங்க மாப்பிள்ளை" என்றார். என்ஜின் உறுமியது. மாமனாரின் நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கோபம்தான் என்று எண்ணி மாப்பிள்ளை பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

சமையலறையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்த மாமியார், மாப்பிள்ளை பக்கத்து ஜன்னலுக்குள் தலையை நுழைத்து அவர் காதோடு காதாகச் சொன்னார்:

"மாப்பிள்ளை, உங்க மாமாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாது, மானம் போயிடுமேன்னு நான்தான் ராத்திரி கியர்ல சர்க்கரைப் பாகை ஊத்தி வெச்சேன், தெரு முனை வர்றதுக்குள்ள எப்படியாவது மறுபடியும் கெடுத்துடுங்க!"