ராங் சைடு கேத்ரின்

மாதாவே, எது வேண்டுமானாலும் வரட்டும், டைபிரேக்கர் மட்டும் வந்துவிடக் கூடாது. ஒரு கோல் போட வை. அது முடியாதென்றால் ஒரு கோல் வாங்கவாவது வை. நின்று கொல்லாதே.

கேத்ரினின் உதடுகள் அசையவில்லை. மைதானத்தின் ஓரத்தில், கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். நடுவர் வாட்சைப் பார்த்தார், விசிலை ஊதினார். ஒன்றுக்கு ஒன்று. இனி அணிக்கு ஐந்து பெனால்டி. மாதா வேறு யாருடைய ஜெபத்தையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கேத்ரின், டைபிரேக்கராம்ல!" என்று எதிரணியின் பெஞ்சிலிருந்து ஐயாதுரை சார் சிரித்தார். "ஒனக்குத்தான் அது ரொம்பப் பிடிக்குமே!"

அவர் சொல்லலாம். ஒரு காலத்தில் அவளுக்கே அவர்தான் கோச். இன்று ராஜபாளையம் பள்ளியின் கோச். கேத்ரின் ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் பள்ளியின் கோச்.

பள்ளி, மாவட்டம், பல்கலைக்கழகம் என்று கேத்ரின் கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். ஓடி வருகிறவளின் காலடியில் விழுந்து பந்தை அள்ளுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெனால்டி என்றால் மட்டும் பந்து ஒரு பக்கம் போகும், கேத்ரின் ஒரு பக்கம் போவாள். எப்போதாவது அல்ல, எப்போதும். பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தில் அத்தனை பந்துக்கும் எதிர்ப்பக்கமே பாய்ந்தாள். பாய்ச்சல் ஒவ்வொன்றும் பார்க்க அவ்வளவு அழகாக இருந்ததாம். அன்றைக்கு விழுந்த பட்டம்தான் 'ராங் சைடு'. விளையாட்டை விட்டுவிட்டு ஏன் கோச் ஆனாய் என்று கேட்டவர்களுக்கு அவள் என்னென்னவோ பதில் சொல்லியிருக்கிறாள். உண்மையான காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. கோச் எந்தப் பக்கமும் பாய வேண்டியதில்லை.

"எந்தப் பக்கம் விழணும் மிஸ்?" என்று மாரீஸ்வரி வந்து நின்றாள்.

வழக்கமான கோல்கீப்பருக்கு அம்மை போட்டிருந்தது. டிஃபென்ஸில் ஓடிக்கொண்டிருந்த மாரீஸ்வரியைப் பிடித்துப் போன வாரம்தான் கிளவுஸ் மாட்டிவிட்டிருந்தாள் கேத்ரின். 'நீயே பார்த்துக்கொள்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்த கரஸ்பாண்டன்ட் எலியேசர் கண்ணில் பட்டார். காலையில் வேனில் வரும்போது அவர் பொறுமையாகச் சொல்லியிருந்தார். "இன்னைக்கு ஜெயிச்சா டீம் இருக்கும் மிஸ். தோத்தா கிரவுண்ட்ல ஸ்கூல் பஸ்ஸ நிறுத்தப் போறோம். நீங்களும் வேற எடம் பாத்துக்கிடுங்க."

"நான் சொல்லுதேன்," என்றாள் கேத்ரின்.

கோலில் நிற்கிறவளுக்கு வலது பக்கம் தண்ணீர் டேங்க், இடது பக்கம் தென்காசி ரோடு. வலது கையால் முகத்தைத் துடைத்தால் டேங்க் பக்கம், இடது கையால் துடைத்தால் ரோட்டுப் பக்கம் என்று ஏற்பாடு. முதல் பெண் உதைக்க வந்தாள். ரோட்டுப் பக்கம்தான், சந்தேகமே இல்லை என்று கேத்ரினுக்குத் தோன்றியது. தோன்றிய பயத்தில் வியர்த்துக் கொட்டியது. இரண்டு கையாலும் துடைத்தாள்.

மாரீஸ்வரி நடுவிலேயே நின்றாள். கோல்.

"சார், அந்தம்மா கையில என்ன சாடை காட்டுது?" என்று ஐயாதுரை நடுவரிடம் கத்தினார்.

நடுவர் வந்தார். "மேடம், கையப் பின்னால கட்டிக்கிடுங்க. இல்லன்னா வெளிய அனுப்பிருவேன்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இவள் அணியின் பெண் பந்தை உள்ளே அடித்துச் சமன் செய்தாள். அதற்குள் அடுத்த யோசனை வந்திருந்தது. மாரீஸ்வரியின் காதில், "தெலுங்குல சொல்லுதேன். குடின்னா வலது, எடமன்னா எடது," என்றாள்.

இரண்டாவது பெண் ஓடி வந்தாள்.

"குடி!" என்று கத்தினாள் கேத்ரின்.

மாரீஸ்வரிக்குத் தொண்டை காய்ந்து போயிருந்தது. குடி என்றதும் கம்பத்தோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உதைத்த பெண்ணுக்கோ வீட்டில் தெலுங்குதான். ராஜபாளையம் அணியில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்பது கேத்ரினுக்கு உறைத்தபோது, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மறு பக்கம் அடித்துவிட்டிருந்தாள். பதிலுக்கு இவள் அணியின் பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, ஒரு ஆட்டோவின் தலையில் விழுந்தது.

மாரீஸ்வரி தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தாள். கேத்ரின் அவள் தோளைப் பிடித்தாள்.

"வலது எடது ஒண்ணும் வேண்டாம். சோறுன்னு கத்துனா சோறு திங்கிற கைப் பக்கம் விழு. கொழம்புன்னா மத்தப் பக்கம். வெளங்குதா?"

"வெளங்குது மிஸ்."

மூன்றாவது பெண்ணின் பார்வை டேங்க் பக்கம் போனது. இடுப்பும் அந்தப் பக்கமே திரும்பியது.

"சோறு!"

மாரீஸ்வரி ரோட்டுப் பக்கம் பாய்ந்தாள்.

போச்சு என்று கேத்ரின் கண்ணை மூடினாள். கூட்டம் கூச்சல் போட்டது. கண்ணைத் திறந்தபோது, பந்து ரோட்டுப் பக்கக் கம்பத்தின் ஓரமாக மாரீஸ்வரியின் கைகளுக்குள் இருந்தது.

"ஏலே, அந்த டீச்சர் சோறு சோறுன்னு கத்துது!" என்று வேலியோரத்தில் ஒருவன் சொன்னான்.

"பிள்ளைகளுக்குக் காலையில ஒண்ணும் குடுக்கலயோ என்னமோ. வெயில்ல பட்டினி போட்டு வெளையாட விட்டிருக்காவ."

சாமியானாவில் இருந்தவர்கள் எல்லாரும் எலியேசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேகமாக நடந்து வந்தார்.

"மிஸ், என்ன இது? இட்லி வாங்கிக் குடுத்தேன்லா?"

"அது… அந்தச் சோறு இல்ல சார்."

"பொறவு எந்தச் சோறு?"

ஐயாதுரை சார் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கேத்ரின் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பிள்ளைகளுக்குப் பசி சார்," என்றாள்.

எலியேசரின் முகம் சுருங்கிப் போனது. போனை எடுத்து யாரையோ அழைத்தார். இதற்குள் இவள் அணி ஒரு கோல் அடித்து மறுபடி சமன் செய்திருந்தது.

நான்காவது பெண். ரோட்டுப் பக்கம்தான் என்று கேத்ரினுக்குத் தோன்றியது.

"கொழம்பு!"

மாரீஸ்வரி டேங்க் பக்கம் விழுந்தாள். பந்தும் டேங்க் பக்கமே வந்து, அவள் முழங்காலில் பட்டு வெளியே தெறித்தது.

"கொழம்பும் வேணுமாம்லே!" என்று வேலியோரம் சிரித்தது. எலியேசர் போனைப் பொத்திக்கொண்டு கத்தினார். "மிஸ், சாம்பார்தான் இருக்குங்கான். போதுமா?"

கேத்ரினுக்கு அது காதில் விழவில்லை. ஒரு தடவை என்றால் குழப்பம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடவையும் சொன்னதற்கு நேர் எதிராகவே விழுந்திருக்கிறாள். தெரிந்துதான் செய்கிறாள். அந்தப் பட்டம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. மிஸ் எந்தப் பக்கம் சொன்னாலும் எதிர்ப்பக்கம் விழுந்துருங்கட்டி என்று பிள்ளைகள் வேனுக்குள் பேசி வைத்திருப்பார்கள். தன் முகத்துக்கு நேரே 'வெளங்குது மிஸ்' என்று சொல்லிவிட்டு, இந்தச் சின்னப் பெண் தன்னை ஒரு திசைகாட்டிபோல் தலைகீழாகப் பிடித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள். பந்து உள்ளே போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இவள் அணியின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னும் சமன்தான்.

ராஜபாளையத்தின் கடைசிப் பெண் பந்தை வைத்தாள். டேங்க் பக்கம் என்றது கேத்ரினின் மனம். சரி, மாரீஸ்வரி எதிர்ப்பக்கம்தானே விழுவாள், அவளை டேங்க் பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் குழம்பு என்று கத்த வேண்டும். ஆனால் தன் மனம் டேங்க் என்றால் பந்து ரோட்டுப் பக்கம் அல்லவா போகும்? அப்படியானால் சோறு. இல்லை, இதையும் அந்தப் பெண் யோசித்து வைத்திருந்தால்? தலை சுற்றியது. கட்டிய கைகளுக்குள் நகம் பதிந்தது. பெண் ஓடத் தொடங்கினாள். இனி யோசிக்க நேரமில்லை. மனதில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"சோறு!"

மாரீஸ்வரி ரோட்டுப் பக்கம் பறந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து வெளியே போனது. அடுத்து இவள் அணியின் கடைசிப் பந்து வலைக்குள் போனதும், பிள்ளைகள் மாரீஸ்வரியின் மேல் குவியலாக விழுந்தார்கள்.

ஐயாதுரை சார் வந்து கை கொடுத்தார். "எப்படிட்டி? எம்புட்டுப் பாய்ச்சல்! நீ சொல்லிக் குடுத்ததா?"

"அவளாப் பாஞ்சா சார்," என்றாள் கேத்ரின். அது உண்மை என்றே நம்பினாள்.

எலியேசரும் வந்தார். "டீம் இருக்கும் மிஸ். நீங்களும் இருங்க. ஆனா அடுத்த தடவ பசிச்சா எங்கிட்ட மெதுவா வந்து சொல்லுங்க."

குவியலிலிருந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த மாரீஸ்வரியைக் கேத்ரின் தனியே அழைத்தாள்.

"நான் கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மிஸ். நீங்க சொன்ன பக்கந்தான் விழுந்தேன். இல்லன்னா எனக்கு என்ன தெரியும்?"

கேத்ரின் அந்த முகத்தைத் துழாவிப் பார்த்தாள். கேலியில்லை, பயமில்லை. இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்கிறாளே, தன் மனம் நோகாமல் இருப்பதற்காகவா? அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. "போய்ச் சாப்பிடு," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்திருந்தன. பிள்ளைகள் சுவரோர நிழலில் வரிசையாக உட்கார்ந்து பிரித்தார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து களையெடுப்பை விட்டுவிட்டு மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த மாரீஸ்வரியின் அம்மா பெத்தம்மாள், சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு கேத்ரினிடம் வந்தாள். மகள் ஜெயித்த சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அவள் முகத்தில் அதிகமாக இருந்தது.

"டீச்சர், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"இம்புட்டுப் பேரு முன்னால மானம் போவுது. எழுதுறது, எறியுறது அம்புட்டும் நல்ல கையிலதான் செய்யுதா. சோறு மட்டும் சின்னதுலருந்து எடக்கையிலதான் திங்கா. அடிச்சும் பாத்தாச்சு. சோத்தாங்கை எதுட்டின்னு கேட்டா, கூசாம அந்தக் கையத்தான் தூக்கிக் காட்டுதா. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே கேக்கா. அந்தப் பழக்கத்த மாத்தச் சொல்லி ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்."

கேத்ரின் நிழலைப் பார்த்தாள். மாரீஸ்வரி வலது கையால் இலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சாம்பார் சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். ரோட்டுப் பக்கக் கம்பத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா," என்றாள் மெதுவாக. "அத மட்டும் நான் சொல்ல மாட்டேன்."